ஒரு மனநல மருத்துவர் பரிந்துரைக்கும் பேய்ப்படங்கள்

"பேய்ப்படம் பார்த்தா மனசு கெட்டுப்போகுமா டாக்டர்?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கெடாது. நானே பேய்ப்பட ரசிகைதான். கொரோனா காலத்தில் திகில் பட ரசிகர்களுக்கு மற்றவர்களைவிட மன உளைச்சல் குறைவாக இருந்ததாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் வசதியோடு பயந்து பழகுவது மனதுக்கு ஒரு பயிற்சி.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கண் மேலே செருகுவது, குரல் மாறுவது, உடம்பு வில்லாக வளைவது, நாலு பேர் பிடித்தாலும் அடங்காதது என்று திரையில் பேய் பிடித்தவர்கள் செய்வதையெல்லாம் நான் நோயாளிகளிடமும் பார்க்கிறேன். அவர்கள் என்னிடம் வந்து சேர்வதற்குள் கோடாங்கி, தாயத்து, வேப்பிலை அடி எல்லாம் முடிந்திருக்கும். சில நோய்களில் அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டிவிடலாம். சிலவற்றில் அது உயிரைக் கொண்டுபோய்விடும். அதனால் எனக்குப் பிடித்த படங்களைச் சொல்லும்போதே, அவற்றுக்குள் இருக்கும் நோயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சில கதை முடிச்சுகள் அவிழும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் இடம் எப்போதும் 'மணிச்சித்திரத்தாழ்' படத்துக்குத்தான். மது முட்டம் எழுதி, பாசில் இயக்கி, 1993இல் வந்த மலையாளப் படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகி, 2005இல் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தது. ஜோதிகா கட்டிலைத் தூக்கும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. வீடே பேய் என்று நடுங்கும்போது, ஒரு மனநல மருத்துவர் வந்து "இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு" என்று நிற்கிறார். அதற்குத் தியேட்டரே கைதட்டியது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கதைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

படம் சரியாகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் இளமைக்காலத்தில் ஆறாத துக்கம் இருக்கிறது. அது வாய்விட்டுச் சொல்லப்படாமல் இன்னொரு ஆளாக வெளியே வருகிறது. சினிமாவுக்காகச் சேர்த்தவையும் இருக்கின்றன. இப்படிப்பட்டவர்கள் கொலைவெறியோடு அலைவதில்லை. ஒரே இரவில் நாடகம் போட்டுக் குணப்படுத்தவும் முடியாது. இரண்டு ஆளுமைகள் முழுமையாகப் பிரிந்து நிற்பது அபூர்வம். "மேலே ஏறிப் பேசுவது", வலிப்பு மாதிரி வந்து விழுவது இவைதான் எங்களிடம் அதிகம் வருகின்றன.

அடையாளங்களை மாற்றி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணமாகிச் சில மாதங்கள். பொழுது சாய்ந்தால் பல்லைக் கடிப்பார், தலையை விரித்துப் போட்டு ஆடுவார், மாமியாரை "வாடி, போடி" என்பார். செத்துப்போன யாரோ வந்து இறங்கியிருப்பதாக முடிவு கட்டி மிளகாய்ப் புகை போட்டிருந்தார்கள். கண் இமை வீங்கி, உள்ளங்கையில் சூடம் வைத்த புண்ணோடு வந்தார். வீட்டு ஆட்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் கேட்டது இதுதான்: "எங்கம்மாகிட்ட ஒரு நிமிஷம் போன்ல பேசிக்கட்டுமா?" கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய போனை வாங்கி வைத்துவிட்டார்களாம்.

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்து, நிஜ வலிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். அப்புறம் வாராவாரம் பேச்சு, கணவரோடு தனியாகப் பேச்சு, போன் அவர் கைக்குத் திரும்பியது. ஆட்டம் படிப்படியாகக் குறைந்து நின்றுவிட்டது. அவர் நடிக்கவில்லை. இதைக் குடும்பங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். "பேய்" என்பதை விட்டவர்கள் அடுத்த நொடியே "அப்போ நடிக்கிறா" என்கிறார்கள். ஒரு பெண்ணை அது இன்னும் ஆழமாகக் காயப்படுத்தும்.

கோயில் கொடையில் சாமி வந்து ஆடுவதை நான் நோய் என்று சொல்லவில்லை. உறுமி அடிக்கும்போது வந்து, திருநீறு பூசியதும் இறங்கி, மறுநாள் வயலுக்கோ கடைக்கோ போகிறவருக்கு வைத்தியம் எதற்கு? கூப்பிடாமல் வந்து, சோறு தண்ணீரையும் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும்போதுதான் அது எங்கள் வேலை.

அடுத்தது 'தி எக்ஸார்சிஸ்ட்'. 1973இல் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கியது, சிறந்த தழுவல் திரைக்கதைக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தில் என்னை அதிகம் நடுங்கவைப்பது ஆஸ்பத்திரிக் காட்சி. மூளையில் ஏதோ கோளாறு என்று சந்தேகித்து, பேய் பிடித்ததாகக் காட்டப்படும் சிறுமியின் கழுத்து ரத்தக்குழாயில் ஊசி செலுத்திப் படம் எடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வருகிறது. சோதனைகள் தீர்ந்துபோய், மருத்துவர்கள் கைவிரித்து, பாதிரியார் வருகிறார்.

அந்தப் படம் வந்து 34 வருடம் கழித்து, 2007இல், ஜோசப் டல்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவும் 12 பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நன்றாக இருந்தவர்கள். திடீரென்று தூக்கம் போய், சந்தேகம் வந்து, சம்பந்தமில்லாமல் பேசி, வலிப்பு வந்து, விறைத்து, பேச்சு நின்று, மூச்சே தடுமாறும் நிலைக்குப் போனவர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் ஆன்டிபாடிகள் மூளையில் நரம்பணுக்கள் சேதி வாங்கும் என்.எம்.டி.ஏ. ரிசப்டார்களைத் தாக்கியிருந்தன. அவர்களில் பெரும்பாலோருக்கு மூலகாரணம் சினைப்பையில் இருந்த ஒரு கட்டி. கட்டி இல்லாமலும், குழந்தைகளுக்கும், ஆண்களுக்கும் இந்த மூளை அழற்சி வருவது பிறகு தெரிந்தது. இந்த நோயைப் பற்றிப் படித்துவிட்டு மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தபோது என்னால் அதைப் பேய்ப்படமாகப் பார்க்க முடியவில்லை. ஒரு குழந்தை நோயில் கிடக்கிறாள், அவளுடைய காலத்து மருத்துவத்துக்கு அதன் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்று பெயர் தெரியும். முதுகுத் தண்டு நீரையும் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தால் கண்டுபிடிக்கலாம். அந்தத் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, கட்டி இருந்தால் அதை எடுக்க வேண்டும். 500க்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். அந்த முதல் சில வாரங்கள்தான் நம் ஊரில் மந்திரிப்பதில் போகின்றன. அதனால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை எந்த மனநோயும் இல்லாத பிள்ளை, காய்ச்சல் தலைவலிக்குப் பிறகு சில நாட்களிலோ வாரங்களிலோ அடியோடு மாறிப்போய், கூடவே வலிப்போ, வாயும் நாக்கும் தானாகக் கோணுவதோ, விறைப்போ இருந்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மனநலம், நரம்பியல் இரண்டு பிரிவும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நல்லது.

கும்பிடுவதை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மனநோயாளிகளைக் குணம் தேடிக் கூட்டிவரும் ராமநாதபுரம் மாவட்ட ஏர்வாடியிலேயே இன்று தர்காவில் துவாவும் (பிரார்த்தனை) நடக்கிறது, அரசு மனநல மருத்துவர்கள் மருந்தும் கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பிக்க வழியில்லாமல் இறந்தார்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. பேய் பிடித்தவரைச் சங்கிலியில் கட்டிப்போடும் காட்சி திரையில் வந்தால், பக்கத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் இந்த 28 பேரைப் பற்றிச் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். வெஸ் கிரேவனின் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984) தூங்கினால் கனவில் வந்து கொல்லும் ஒருவனின் கதை. லாவோஸிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்த மாங் இன இளைஞர்கள் சிலர், ஆரோக்கியமாக இருக்கும்போதே தூக்கத்தில் இறந்துபோன செய்திகளைப் படித்துத்தான் கிரேவனுக்கு இந்தக் கரு தோன்றியது. 1992இல் ப்ருகாடா சகோதரர்கள் என்ற இதய மருத்துவர்கள் இதயத்தின் மின்னோட்டக் கோளாறு ஒன்றை விவரித்தார்கள். அப்படிப்பட்ட தூக்க மரணங்கள் பலவற்றுக்கு அதுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. உங்கள் குடும்பத்தில் இளவயதில் யாராவது தூக்கத்தில் போயிருந்தால், "காத்து அடிச்சிருச்சு" என்று விட்டுவிடாமல் மற்றவர்கள் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

அமுக்குவான் பேய் வேறு விஷயம், அதில் ஆபத்து இல்லை. விழித்துவிட்டோம் என்று தெரிகிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அறை மூலையில் ஓர் உருவம். கனவு காணும் உறக்கத்தில் உடம்பின் தசைகளை மூளை செயலிழக்க வைக்கிறது; அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில் விட்டுவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்டு மாற்றி வேலை பார்ப்பவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், சிலருக்கு அதிலேயே விட்டுவிடுகிறது. பகலில் அடக்க முடியாத தூக்கமும் சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். பேயும் காமெடியும் கலந்த படம்தானே என்று கைக்குழந்தையோடு இரவுக் காட்சிக்குப் போகிறோம். காமெடி நமக்குத்தான். ஏழெட்டு வயது வரைக்கும் குழந்தைக்குத் திரையில் வந்தது கட்டிலுக்கு அடியிலும் வரும். பிபிசி 1992இல் நேரலை போலவே எடுத்து ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' நிகழ்ச்சியைப் பார்த்த இரண்டு 10 வயதுச் சிறுவர்களின் பாதிப்பு, மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. இப்போது தணிக்கைச் சான்றிதழிலேயே யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

பார்த்துவிட்டுப் பயந்திருந்தால் "இதுக்கெல்லாமா பயப்படுவே" என்று கேலி வேண்டாம். சில நாட்கள் பக்கத்தில் படுக்க வையுங்கள், விளக்கு எரியட்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் பயந்த காட்சியைப் பகலில், சத்தத்தை அணைத்துவிட்டுச் சேர்ந்து பாருங்கள். பயத்தில் பாதி இசையில் இருப்பது அவர்களுக்கே புரியும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சியில் ஓடிய ரத்தம் சாக்லேட் சிரப் என்று சொன்னால் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் படமெடுப்பதிலேயே ஆர்வம் வந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் படுக்கையில் சிறுநீர் போவது, தனியாகக் கழிப்பறை போகாதது, பள்ளிக்குப் போக மறுப்பது என்று தொடர்ந்தால் கூட்டிவாருங்கள்.

'ஈரம்', 'யாவரும் நலம்', 'பீட்சா', 'மாயா' எல்லாமே பார்க்க வேண்டியவை. 'பிசாசு' (2014) எனக்குத் தனிப் பிரியம். பேய்க்காகக் கண் கலங்க வைத்தவர் மிஷ்கின். அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019), கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு அது நடந்த தேதி நெருங்க நெருங்க உடம்பும் மனமும் என்ன ஆகும் என்பதை நேர்மையாகக் காட்டுகிறது. 'பூதகாலம்' (2022) ராகுல் சதாசிவன் இயக்கியது. மனச்சோர்வில் இருக்கும் அம்மாவாக ரேவதி, கேரள அரசின் சிறந்த நடிகை விருது பெற்றார். மகன் சொல்வதை யாரும் நம்பாததுதான் அந்தப் படத்தின் நிஜமான திகில். வளர்ந்த பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பார்க்க நான் சொல்லும் படம் இது.

சிலர் மட்டும் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள். பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், பதற்ற நோய்க்கு இப்போதுதான் மாத்திரை ஆரம்பித்தவர்கள், காதில் குரல் கேட்கும் தொந்தரவு உள்ளவர்கள், சமீபத்தில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவர்கள். ஒளி விட்டுவிட்டு மின்னும்போது வலிப்பு வருபவர்கள் இந்த வகைப் படங்களை இருட்டறையில் பார்க்கவே வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது "வந்து இறங்குவது" போல நடந்தால், பக்கத்தில் இருக்கும் அடுப்பு, கத்தி, கண்ணாடிப் பொருட்களை அகற்றுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், இரும்பைக் கையில் கொடுக்காதீர்கள், கூட்டத்தைக் கலையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வெட்டி வெட்டி இழுத்தால் 108ஐ அழையுங்கள். முடிந்தால் போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து எங்களிடம் காட்டுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது ரொம்ப உதவும். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் அதை அனுப்பாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். இலவசம், தமிழில் பேசுவார்கள், நோயாளி வர மறுத்தாலும் வீட்டில் இருப்பவர்கள் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.