ஷாட் என்றால் மடக்கு

ஷாட் என்றதும் நமக்கு முதலில் சினிமா நினைவுக்கு வரும், அடுத்தது துப்பாக்கி. மதுக்கூடத்து ஷாட் வேறு. சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, உறிஞ்சாமல் ஒரே மூச்சில் தொண்டைக்குள் இறக்கும் மது அது. அமெரிக்காவில் பெரும்பாலும் 44 மி.லி., பிரிட்டனில் 25 அல்லது 35 மி.லி. நம்மூர் ஸ்மால் பெக் 30 மி.லி.

எய்தல், எறிதல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வேரிலிருந்து பிறந்த சொல் இது. சத்திரத்தில் குடித்ததற்கு ஆளுக்கு ஆள் போடும் பங்குப் பணத்துக்கும் முன்பு இதே பெயர்தான். 'ஆளுக்கு நூறு போடு' என்று நாம் சொல்வதில்லையா, அந்தப் 'போடு'தான். அமெரிக்க மாட்டுக்காரர்கள் ஒரு தோட்டாவைக் கொடுத்து ஒரு குவளை விஸ்கி வாங்கியதால் வந்த பெயர் என்ற கதைக்குச் சான்று கிடையாது. அதை நம்பித் தமிழில் 'சூடு', 'வேட்டு' என்று பெயர் வைத்தால் கேலிக்கூத்தாகிவிடும்.

சரியான சொல் நம் வாயிலேயே இருக்கிறது: மடக்கு. 'ஒரே மடக்கில் குடித்தான்' என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம். மிடறு என்றும் சொல்லலாம். ஆனால் தொண்டையைக் குறிக்கும் அந்தச் சொல்லில் நிதானம் இருக்கிறது, வேகம் இல்லை. முகத்தலளவையில் தேடினால் செவிடு கிடைக்கும். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஆழாக்கை 168 மி.லி. என்று கொண்டால் ஒரு செவிடு ஏறக்குறைய 34 மி.லி. அளவு கச்சிதம்தான், ஆனால் 'இரண்டு செவிடு கொடு' என்று கேட்டால் எதிரில் நிற்பவர் என்ன நினைப்பார்?

இனிக் கலவை. பனங்குரும்பை நீர், கரும்புச் சாறு, இளநீர் மூன்றையும் கலந்து குடித்ததைச் சொல்லும் புறநானூறு 24-ஆம் பாட்டு, 'விராஅய்', அதாவது கலந்து, என்கிறது. ஆகவே பழச்சாறு சேர்ந்த ஷாட்டை விரவு மடக்கு எனலாம்.

வாஷிங்டன் ஆப்பிள் என்ற அமெரிக்க ஷாட்டையே எடுத்துக்கொள்வோம். கனடிய விஸ்கி, புளிப்பு ஆப்பிள் ஷ்னாப்ஸ் என்ற இனிப்பு மது, கிரான்பெரி ஜூஸ், மூன்றும் சம பங்கு. ஒருவருக்கு என்றால் வகைக்கு 12 மி.லி. ஷேக்கர் என்ற மூடியுள்ள குலுக்குக் கலத்தில் ஐஸோடு போட்டுப் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கி வடிக்க வேண்டும். ஐஸ் உருகிக் கால் பங்கு நீர் சேர்வதால் 36 மி.லி. கலவை 45 ஆகும். வகைக்கு 15 ஊற்றினால் 56 ஆகிக் குவளை வழிந்துவிடும்.

இருபது பேருக்குத் தனித்தனியாகக் குலுக்கினால் கை ஓய்ந்துவிடும். வகைக்கு 240 மி.லி. எடுத்து, 180 மி.லி. குடிநீர் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, ஃப்ரிட்ஜில் ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். இந்தத் தண்ணீரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐஸ் தொடாத கலவைக்கு அது இல்லாவிட்டால் பாகுபோல இனித்துத் தொண்டையில் எரியும். ஃப்ரீசரில் மறந்து வைப்பதும் வழக்கமான பிழை. 40 சதவீத விஸ்கி வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் உறையாது. கலவையில் மது 15 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அது பனிக்கூழாகிவிடும், மடக்கவே முடியாது. எலுமிச்சை சேர்ப்பதாக இருந்தால் பரிமாறும் அன்றே பிழியுங்கள், பழையது கசக்கும். ஆரஞ்சு என்றால் சக்கையை வடித்துவிடுங்கள். சோடாவை ஷேக்கரில் போடவே கூடாது, மூடி தெறித்துவிடும். கடைசியில் மேலே விட்டால் போதும்.

இப்படிச் செய்த 45 மி.லி. மடக்கில் இருக்கும் மது ஸ்மால் பெக்கில் பாதிக்குச் சற்று மேல்தான். அதனால்தான் எண்ணிக்கை தவறுகிறது: ஜூஸ் மாதிரி இறங்கும், நாலாவது உள்ளே போன பிறகுதான் முதலாவது தலைக்கு ஏறும். காலிக் குவளைகளை மேசையிலேயே விட்டுவைத்தால் கணக்கு கண்ணில் படும்.

ஷாட் கிளாஸுக்கு மடக்குக் குவளை பொருந்தும். எஸ்பிரஸோ காபி ஷாட்டுக்கு மட்டும் இந்தச் சொல் ஒட்டாது; அதை உறிஞ்சித்தானே குடிக்கிறோம்.