முதலில் பாதத்தைப் பாருங்கள்

பழைய டச்சுக் கோட்டோவியம் என்று எதையாவது கொண்டுவருகிறவர்களின் முதல் கேள்வி, "இது யார் வரைந்தது?" என்பதுதான். காகித ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். படத்தில் இருப்பவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த சின்னப் படம் ஒன்று இருக்கிறது. பழுப்பு மையில் பேனாக் கோடுகள், மேலே கொஞ்சம் தூரிகைப் பூச்சு. ஒரு பெண். அவசரமாகப் பார்த்தால், நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள் என்று தோன்றும். சரி, பாதத்துக்கு வாருங்கள். உடம்பின் பாரம் அதில் இறங்கவே இல்லை. கைகள் துவண்டு கிடக்கின்றன. கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு கோடாலி தொங்குகிறது. அவள் உயிரோடு இல்லை.

கோட்டின் பாணியை வைத்து, இந்தப் படம் 1650களைச் சேர்ந்தது என்றே நிபுணர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1969இல் ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த வான் எகென் என்ற ஆய்வாளர், பழைய தண்டனைப் பதிவுகளிலிருந்து இவள் யார் என்று கண்டுபிடித்தார். பெயர் எல்ஸ்யே கிறிஸ்தியான்ஸ். டென்மார்க்கின் யூட்லாந்து பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த 18 வயதுப் பெண். வாடகைத் தகராறில் வீட்டுக்காரப் பெண்மணியைக் கோடாலியால் அடித்துக் கொன்றுவிட்டாள். 1664 மே மாதம் மரண தண்டனை. அப்புறம், ஊருக்கு எதிர்க்கரையில் உடலை எல்லோரும் பார்க்கும்படி கட்டித் தொங்கவிட்டார்கள், அந்தக் கோடாலியோடு.

பாணியை மட்டும் நம்பியதில் ஏறக்குறைய பத்து வருடம் பிசகிவிட்டது. அந்த நிபுணர்கள் தேர்ந்த கண் உள்ளவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நாம் இன்னும் நிதானமாக இருக்க வேண்டாமா? அவளைத் தூக்கிக் கட்டிய அந்த மே மாதம் ரெம்பிராண்டுக்கு 57 வயது. அவளை நேரே ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை வரைந்தார். இரண்டுமே இன்று அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும், அந்த முகத்தில் கொலைகாரியை அவர் தேடவில்லை என்றே எனக்குப் படுகிறது.

மூலையில் கையெழுத்து இருக்கிறதே என்பார்கள். ரெம்பிராண்ட் தன் கோட்டோவியங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்தே போடவில்லை. பழைய படங்களில் பெரிய பெயரைப் பிற்பாடு யாரோ எழுதிவைத்ததும் உண்டு. அதைவிட, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறி, அதாவது தாள் செய்தவர் தாளுக்குள்ளேயே பதித்த அடையாளம், அதிகம் சொல்லும்.

மையையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைக்கு உரைமருந்து இழைக்கிறோமே, அந்த மாசிக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பும் பிசினும் சேர்த்ததுதான் அக்காலத்தில் ஐரோப்பா முழுக்கப் புழங்கிய மை. எழுதியதும் கறுக்கும், காலம் போகப் போகப் பழுப்பாகும். அதிலுள்ள அமிலம் காகிதத்தையே அரிக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் மையின் இரும்பு கரைந்து கோட்டைச் சுற்றிப் பரவும்.

ஒருவர் கொண்டுவந்த தாளில் அதுதான் நடந்திருந்தது. அழுக்கு போகட்டும் என்று ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி, முகம் தப்பியிருந்தது. மடியில் இருந்த கையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம். அந்தக் கை ஊசி பிடித்திருந்ததா, ஜெபமாலை உருட்டியதா என்று பூதக்கண்ணாடி வைத்து ஒரு மதியம் முழுக்கப் பார்த்தேன். தெரியவில்லை.