பழ ஈ தன் குடலைத் தானே எப்படிப் புதுப்பிக்கிறது?

அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் அந்தச் சின்ன ஈ, டிரோசோஃபிலா, ஈஸ்டும் பாக்டீரியாவும் ஊறிக் கிடப்பதைத்தான் விரும்பித் தின்கிறது. அதோடு எர்வினியா கரோட்டோவோரா மாதிரி காய்கறியை அழுகவைக்கும் பாக்டீரியா நிறைய உள்ளே போனால், நடுக்குடல் சுவரின் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்து உதிர்கின்றன. ஆனாலும் ஈ சாவதில்லை. சில நாட்களில் குடல் பழையபடி ஆகிவிடுகிறது.

காரணம், சுவரின் அடியில் ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது பிரிந்து பிரிந்து புதிய குடல் செல்களைத் தரும் மூலச் செல்கள். 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இவற்றைக் கண்டுபிடித்தன. சரி, மேலே சேதம் என்று அடியில் இருக்கும் செல்லுக்கு யார் சொல்வது?

முதலில் ஒரு வேடிக்கை: சேதத்தில் ஒரு பங்கு ஈ தனக்குத்தானே செய்துகொள்வது. இந்த பாக்டீரியா யுராசில் என்ற பொருளை வெளிவிடும். அதை உணர்ந்ததும் குடல் செல்லில் இருக்கும் டுவாக்ஸ் என்ற நொதி, கிருமியைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கொட்டும். அவை கிருமியை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை, சொந்த செல்களையும் பதம் பார்க்கின்றன.

அடிபட்ட செல் சும்மா சாவதில்லை. அதற்குள் ஜேஎன்கே என்ற நெருக்கடிப் பாதை (பாதை என்றால், செல்லுக்குள் ஒரு புரதம் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் தொடர்) விழித்துக்கொள்கிறது, வளர்ச்சியை அடக்கி வைத்திருந்த ஹிப்போ பாதையின் பிடி தளர்கிறது, அன்பேர்டு-3 என்ற சைட்டோகைன், அதாவது மற்ற செல்களுக்குச் செய்தி கொண்டுபோகும் புரதம், வெளியே வருகிறது. அது ஸ்டெம் செல்லின் மேலிருந்து செய்தியை வாங்கும் புரதமான ஏற்பியில் போய் ஒட்டினால், உள்ளே ஜாக்-ஸ்டாட் பாதை இயங்கத் தொடங்கும். அதே புரதம் குடலைச் சுற்றியுள்ள தசைக்கும் போகிறது. தசை தன் பங்குக்கு வெய்ன் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. குடலுக்குள்ளிருந்தும் அதே வகைக் காரணிகள் வருகின்றன. இந்த வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் தட்டுவது ஸ்டெம் செல்லில் இருக்கும் ஈஜிஎஃப் ஏற்பி என்ற இன்னொரு ஏற்பியை. அது வேலை செய்யாவிட்டால் ஸ்டெம் செல் சரியாகப் பிரிவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்: கிருமியே இல்லாமல், மரபணு உத்தியால் குடல் செல்களைச் சாகடித்துப் பார்த்தார்கள். அப்போதும் அன்பேர்டு புரதங்கள் கூடின, ஸ்டெம் செல்கள் மளமளவென்று பிரிந்தன. அதாவது பக்கத்து செல்லின் சேதமே போதும், கிருமி நேரில் வந்து உசுப்ப வேண்டியதில்லை.

அப்புறம் புதிய செல் என்னவாக மாறுவது என்பது நாட்ச் பாதையின் கையில். ஸ்டெம் செல் தன் மேற்பரப்பில் டெல்டா புரதத்தை நீட்ட, பக்கத்தில் ஒட்டியிருக்கும் மகள் செல்லில் நாட்ச் வலுவாக இயங்கினால் அது உணவை உறிஞ்சும் செல்லாகிறது.

இந்தத் தகவல் சங்கிலி அறுபடவும் செய்யும். சூடோமோனாஸ் என்டோமோஃபிலா என்ற கொடிய பாக்டீரியா தாக்கும்போது குடல் செல்களில் புரத உற்பத்தியே முடங்கிவிடுகிறது. அன்பேர்டு மரபணு இயங்கினாலும் புரதம் உருவாவதில்லை, பழுதுபார்ப்பும் நடப்பதில்லை, ஈ செத்துப்போகிறது.

வயதான ஈயில் இதற்கு நேரெதிர். ஜேஎன்கே ஓயாமல் இயங்க, ஸ்டெம் செல்கள் தேவையில்லாமல் பிரிந்து, ஒழுங்காக முதிராத செல்கள் குடலில் குவிகின்றன. அந்தப் பிரிதலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் ஈக்கள் கூடுதல் நாள் வாழ்கின்றன என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரேயடியாக நிறுத்தினாலோ ஆயுள் குறைகிறது.