குறட்டை அடங்கிவிட்டது, நோய் அடங்கியதா?

பல்லைக் காட்ட வந்தவரிடம் "ராத்திரி நல்லாத் தூங்குறீங்களா?" என்று கேட்டால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பல்லுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்து, கடைவாய்ப்பற்கள் தேய்ந்து தட்டையாகி, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினாலும் உள்நாக்கு கண்ணில் படவில்லை என்றால், கேட்காமல் விட எனக்கு மனசு வராது. இவற்றை வைத்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்ற நோய் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. விசாரிக்க வேண்டும் என்பதற்கு இவை போதும்.

பதில் பெரும்பாலும் கூட வந்தவரிடமிருந்துதான் வரும். "அவர் தூங்குறார் டாக்டர், எங்களைத்தான் தூங்க விடுறதில்லை." பலத்த குறட்டை, திடீரென்று சத்தமே இல்லை, அப்புறம் திணறிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு. நடுவில் வரும் அந்த அமைதிதான் ஆபத்து. தூக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. இப்படி 10 நொடியாவது மூச்சு நின்றால் அது கணக்கில் சேரும். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதுமாக மணிக்கு 5 முதல் 15 முறை என்றால் லேசான ஸ்லீப் ஆப்னியா, 15 முதல் 30 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. பகலில் தூங்கி வழிவது, காலைத் தலைவலி, மருந்துக்கு மசியாத ரத்த அழுத்தம் எல்லாம் இதன் கூட்டாளிகள்.

முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார். கடுமையான ஆப்னியாவுக்கு இன்றும் அதுதான் முதல் சிகிச்சை. சிக்கல் என்னவென்றால், பலர் நடு இரவில் முகமூடியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கும், லேசான, மிதமான நிலையில் இருப்பவர்களுக்கும்தான் வாயில் போடும் சாதனம்.

மேல் பல்வரிசைக்கு ஒரு தட்டு, கீழ் வரிசைக்கு ஒரு தட்டு. இரண்டும் இணைந்து கீழ்த்தாடையைச் சற்று முன்னால் நிறுத்தும். தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும், பின்னால் வழி விடும். நம்பிக்கை இல்லையா? உட்கார்ந்த இடத்திலேயே குறட்டைச் சத்தம் எழுப்பிப் பாருங்கள். இப்போது கீழ்த்தாடையை முன்னால் தள்ளி, கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வரும்படி வைத்துக்கொண்டு அதே சத்தத்தை முயலுங்கள். பலருக்கு வராது, வந்தாலும் முனகலாகத்தான் வரும். நாற்காலியில் இதைச் செய்து பார்த்துவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.

தாடையை எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஒருவரால் முடிந்த அளவுக்குத் தாடையை நீட்டச் சொல்லி அளந்து, அதில் பாதி அல்லது கொஞ்சம் கூடுதலாக வைத்துத் தொடங்குவோம். பிறகு வாரக்கணக்கில், அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று சாதனத்தில் உள்ள திருகாணியைத் திருப்பி முன்னேற்றுவோம். அவசரப்பட்டால் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டு வலிக்கத் தொடங்கும், ஆள் சாதனத்தை அலமாரியில் போட்டுவிடுவார்.

வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் ரெடிமேட் தட்டுகளை இணையத்தில் வாங்கி வருகிறவர்களும் உண்டு. அவை பல்லில் நிற்காமல் கழன்றுவிடும், பலவற்றில் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை. இன்னொரு குழப்பம், பல் நெறிப்பவர்களுக்குத் தரும் நைட் கார்ட். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது தாடையை முன்னால் கொண்டுவராது. ஆப்னியா உள்ள சிலருக்கு அது மூச்சடைப்பைக் கூட்டவும் கூடும்.

சரி, சாதனம் போட்டாயிற்று, வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். "குறட்டையே இல்லை டாக்டர், இனி எதுக்கு டெஸ்ட்?" இந்த இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குறட்டை என்பது சத்தம், ஆப்னியா என்பது அடைப்பு. சத்தம் போன பிறகும் அடைப்பு தொடரலாம். அதுவரை உங்களை உலுக்கி எழுப்ப ஒருவராவது இருந்தார், இப்போது அவரும் தூங்கிவிட்டார். அதனால்தான் சாதனத்துக்கு முன்னால் தூக்கப் பரிசோதனை, தாடையைச் சரியான இடத்தில் நிறுத்திய பிறகு, அதைப் போட்டபடியே மறுபடியும் ஒரு பரிசோதனை. நோயைக் கண்டுபிடித்து உறுதி செய்வது தூக்க மருத்துவரின் வேலை. பரிசோதனையே இல்லாமல் யாராவது சாதனம் செய்து தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. தாங்கிப் பிடிக்கப் போதுமான பற்கள் வேண்டும், ஈறு உறுதியாக இருக்க வேண்டும். ஆடும் பல்லில் மாட்டினால் பல்லும் போகும். பல்லே இல்லாதவர்களுக்கு நாக்கை உறிஞ்சிப் பிடித்து முன்னால் வைக்கும் வேறொரு வகை உண்டு. மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத வகை ஆப்னியாவில் தாடையை நகர்த்திப் பயனில்லை.

முதல் சில வாரங்களில் எச்சில் ஒழுகும், காலையில் தாடை பிடிக்கும். எழுந்ததும் கடைவாய்ப்பற்கள் சேராதது போலத் தோன்றும். கடிப்பயிற்சி சொல்லித் தருவோம், பெரும்பாலும் சற்று நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் பல ஆண்டுகள் போட்டால் கடி, அதாவது மேல்பற்களும் கீழ்ப்பற்களும் சேரும் விதம், கொஞ்சம் நிரந்தரமாகவே மாறக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம், ஏனென்றால் மூச்சா, கடியா என்று முடிவெடுக்க வேண்டியவர் நோயாளி.

வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். மென்மையான பிரஷ், சாதாரணத் தண்ணீர் போதும், பற்பசை கீறல் போடும். நாய் வளர்க்கிறவர்கள் மூடியுள்ள டப்பாவில் வைக்கவும், எச்சில் வாசனைக்கு அது தேடி வந்து கடித்துவிடும். எடை கூடினாலோ பழைய தூக்கக் கலக்கம் திரும்பினாலோ மறுபடி பரிசோதிக்க வேண்டும். அப்புறம், புதிதாகப் பல்லுக்கு கேப் போடவோ அடைக்கவோ போனால் சாதனத்தையும் கையோடு கொண்டு போங்கள். பல்லின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் அன்று இரவு அது உட்காராது.