சஸ்பென்ஷன்: தொங்கலா, வில்லா?

கார் பற்றிய தமிழாக்கங்களில் 'மேம்படுத்தப்பட்ட இடைநீக்கம்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடைநீக்கம் என்பது ஊழியரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. அதற்கும், பள்ளம் மேட்டின் குலுக்கலைத் தாங்கும் காரின் அமைப்புக்கும் ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்ற ஒரே சொல் என்பதால் வந்த வினை.

சஸ்பென்ஷனுக்கு லத்தீன் வேர்ப்பொருள் 'தொங்கவிடுதல்'. ஐரோப்பாவில் அந்தக் காலக் குதிரை வண்டிகளின் கூண்டைத் தோல்வார்களில் தொங்கவிட்டார்கள். பிறகு எஃகு வில் வந்தது. கூண்டு அதன்மேல் உட்கார்ந்தது. பெயர் மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்து நாமும் 'தொங்கல் அமைப்பு' என்று எழுதுகிறோம்.

நம் ஆட்கள் பார்த்தது வேறு. வில் வைத்த மாட்டு வண்டிக்கு வில்வண்டி என்றே பெயர் வைத்தார்கள். லாரியின் பின்சக்கரத்தருகே குனிந்து பாருங்கள்: நீளமான பட்டை மேலே, குட்டையானவை கீழே என அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டியிருக்கும். மல்லாந்து கிடக்கும் வில்லேதான். பட்டறையில் இதைக் கமான் பட்டை என்பார்கள். பாரசீகத்தில் கமான் என்றாலும் வில்தான்! அதனால் 'வில்லமைப்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பதும் சுருள்வில்தானே.

ஷாக் அப்சார்பரை 'அதிர்ச்சி உறிஞ்சி' என்பது பொருந்தாது. பள்ளத்தின் அடியை முதலில் வாங்குவது வில். வாங்கியதும் அது மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தைத் தன்னுள் இருக்கும் எண்ணெயின் தடையால் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. எனவே அதிர்வடக்கி. காரைத் தாழ்த்த ஆசைப்பட்டு குட்டையான, விறைப்பான வில்லை மட்டும் மாட்டிவிட்டு, பழைய அதிர்வடக்கியை அப்படியே விடுகிறார்கள். பழைய அதிர்வடக்கியால் அந்தப் புது வில்லை அடக்க முடியாது. வேகத்தில் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். நிற்கும் காரின் முன்மூலையை நன்றாக அழுத்திக் கைவிடுங்கள். எழும்பி உடனே அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் அதிர்வடக்கி போய்விட்டது.

அப்புறம் டயர், பிரேக். இவற்றுக்குத் தமிழ் தேடி நான் மெனக்கெடுவதில்லை, எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் ஒன்று: காரில் சாலையைத் தொடுவது டயர் மட்டுமே. டயர் தேய்ந்திருந்தால் எவ்வளவு பெரிய டிஸ்க் பிரேக் போட்டாலும் ஈரச் சாலையில் வழுக்கத்தான் செய்யும். கையில் இருக்கும் பணத்தை முதலில் டயரில் போடுங்கள்.

எழுதும்போது வில்லமைப்பு, அதிர்வடக்கி என்று எழுதலாம். மெக்கானிக்கிடம் போனால் 'ஷாக்கப்சர்' என்றே சொல்லுங்கள், வேலை நடக்கட்டும்.