மனது ஏன் 9,000 சாவையும் 900 மாதிரியே எடைபோடுகிறது?

பையில் இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கிறது. மூன்றாவதைப் போட்டால் கைக்கு உடனே தெரியும். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி நிற்கும்போது அதே பழத்தை மேலே வைத்தால் தெரியவே தெரியாது. ஏற்கெனவே இருக்கும் சுமையோடு ஒப்பிட்டுத்தான் நம் புலன்கள் அளக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வெபர் இதைச் சோதித்துக் காட்டினார்.

சாவுச் செய்தியும் அப்படித்தான் மனதில் ஏறுகிறது. கொரியா, வியட்நாம் போர்க்காலக் கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஜான் மியூலர். இறந்த, காயமடைந்த வீரர்களின் மொத்த எண்ணிக்கை பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும், போருக்கான ஆதரவு ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. 100 என்பது 1,000 ஆனபோது எவ்வளவு உறைத்ததோ, 1,000 என்பது 10,000 ஆனபோதும் அவ்வளவே. முதலில் கூடியது 900 பேர், அப்புறம் கூடியது 9,000 பேர். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

சரி, மரத்துப்போவது மனதின் இயல்பு என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு அரசும் துணைபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் 1973இல் கட்டாய ராணுவச் சேவை நின்றது. ஆப்கானிஸ்தான் போரின்போது ராணுவப் பணியில் இருந்தவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பெரும்பாலான வீடுகளில் யாரும் பதைபதைப்போடு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தேசியக்கொடி போர்த்திய பெட்டிகள் டோவர் விமானப்படைத் தளத்தில் வந்திறங்கின. அவற்றைப் படமெடுக்க 1991 முதல் 2009 வரை பத்திரிகைகளுக்குத் தடை. ஆப்கானிஸ்தான் போரில் மட்டும், 20 ஆண்டுகளில், 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அவர்களோடு நின்று போரிட்ட ஆப்கன் வீரர்கள் பல்லாயிரம் பேர் மாண்டதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

எண் செய்யாததை முகம் செய்யும். 1969 ஜூனில் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ், வியட்நாமில் ஒரே வாரத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட 242 பேரின் விவரங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. பெயர், வயது, படைப்பிரிவு, பதவி, ஊர், பெரும்பாலோருக்குப் படம், அவ்வளவுதான். பலருக்கு மீசைகூடச் சரியாக அரும்பியிருக்கவில்லை. அந்த இதழைப் புரட்டிய நாடு அதிர்ந்தது.

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச்சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மொத்தமாக அகரவரிசையில் இல்லை, உயிரிழந்த அல்லது காணாமல்போன நாள் வரிசையில். கறுப்புக் கல் என்பதால் பெயரைத் தேடுகிறவரின் முகமும் அதில் தெரியும். தேடி வருகிறவர்கள் பெயர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வருகின்றன. அந்த ஒரு பெயரை மடித்து எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.