வலையுசாவல்

'வெப்குவெஸ்ட்' என்பது, ஆசிரியர் முன்பே தெரிந்தெடுத்துத் தரும் இணையப் பக்கங்களைக் கொண்டு மாணவர்கள் குழுவாக ஒரு சிக்கலை ஆராய்ந்து, தம் முடிவை அறிக்கையாகவோ திட்டமாகவோ ஆக்கித் தரும் கற்றல் முறையாகும். 1995இல் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து இதை வடிவமைத்தார். அறிமுகம், பணி, செயல்முறை, தரவு மூலங்கள், மதிப்பீடு, முடிவுரை என்பன இதன் உறுப்புகள், உயிர்நிலை பணியே.

இதனைத் தமிழில் 'வலைத்தேடல்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தண்டையார்பேட்டையில் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் அச்சொல்லை நான் எழுதிய அன்று, கூகுளில் முதலில் வந்த பத்தியையே நான்கு குழுக்களும் எழுத்துப் பிசகாமல் எழுதித் தந்தன. ஒரு தாளின் கடைசியில் 'மேலும் படிக்க' என்பதும் இருந்தது. பிழை பிள்ளைகளுடையதன்று.

'குவெஸ்ட்' என்பதன் வேர், 'குவைரெரே' என்னும் இலத்தீன் வினைச்சொல். அதற்குத் தேடுதல், கேட்டல் என்னும் இரு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் வினாவைக் குறிக்கும் 'குவெஸ்சன்' அவ்வேரில் பிறந்ததே. 'தேடல்' என்னும்போது கேள்வி விடுபட்டுப்போகிறது. 'விசாரணை' பொருளால் நெருங்கினாலும் காவல் நிலையத்தை நினைவூட்டுகிறது. 'உசாவு' என்பதிலோ கேட்டலும் கலந்து ஆராய்தலும் ஒருங்கே அடங்கும். 'உசாவே சூழ்ச்சி' என்கிறது தொல்காப்பிய உரியியல். அங்கே சூழ்ச்சி வஞ்சகமன்று, ஆராய்ந்து எண்ணுதல். மேற்கோள் நூல்களை 'உசாத்துணை' என்பதும் இதனாலேயே. ஆகவே வலையுசாவல். ('வலை' என்றதும் மீனவர் வாழும் காசிமேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அது அவர்கள் வீட்டுச் சொல்.)

அடுத்த முறை பணியை மாற்றினேன். 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. அத்தகைய கசிவு மீண்டும் நேர்ந்தால் முதல் 24 மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று மீனவர், துறைமுக அலுவலர், மருத்துவர், சூழலியலாளர் ஆகியோரின் நிலையில் நின்று திட்டம் வகுக்க வேண்டும். முதல் நாள்களின் அறிவிப்புகளும் பின்னர் வெளியான கசிவின் அளவும் ஒத்துப்போகாததால், எந்த மூலத்தை எதற்காக நம்புவது என்பதையும் குழுக்களே வாதிட்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. பார்த்து எழுதுவதற்கு இதில் விடை ஏதுமில்லை. மீனவர் பங்கை ஏற்ற மாணவி, எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை என்பது தந்த பக்கங்களில் இல்லை என்றும், தாத்தாவிடம் கேட்டு வரலாமா என்றும் வினவினாள். கேட்டு வரச் சொன்னேன்.